வாசிக்காத வரிக்கு என்ன குறி

தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளுக்கு மலையாளக் காகிதம் எது வந்தாலும் கடைசியில் அது பாண்டித்துரையின் கைக்குத்தான் வந்து சேரும். கரண்ட் ஆபீஸ் காகிதம், ரேஷன் கார்டு காகிதம், பள்ளிக்கூடத்துச் சீட்டு, கம்பெனி ஒட்டுகிற நோட்டீஸ் எல்லாமே. காலையில் மஸ்டருக்கு, அதாவது இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று ஆள் பிரிக்கிற கூட்டத்துக்கு, கொழுந்து பறிக்கிறவர்கள் வந்து நின்றதும், சூப்பர்வைசர் சிவப்பிரகாஷ் ஒரு தாளை நீட்டுவார்.

"துரையண்ணே, இதை என்னான்னு சொல்லி விட்டுருங்க."

பேரில் மட்டும்தான் துரை. வேலை தேயிலைச் செடிக்கு மருந்தடிப்பது. ஆனாலும் அந்த ஐந்து நிமிஷம் அவன் நிஜமாகவே துரையாகிவிடுவான். கண்ணாடியை மாட்டி, தொண்டையைச் செருமி, தாளைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துக்கொள்வான்.

இருபது வருஷமாக அவனிடம் ஒரு முறை இருந்தது. தலைப்பைப் பார்ப்பான். தேதியைப் பார்ப்பான். கீழே சீல் யாருடையது என்று பார்ப்பான். நடுவில் கிடக்கிற பத்துப் பன்னிரண்டு வரியை, வண்டன்மேட்டுக்குப் போகிற ஏலக்காய் ஜீப் வளைவுகளைக் கடக்கிற மாதிரி, ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துவிடுவான். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. காகிதங்களுக்கும் புது யோசனை ஒன்றும் இருப்பதில்லை. போன வருஷம் சொன்னதைத்தான் இந்த வருஷமும் சொல்லும். தமிழ் மீடியத்தில் எட்டு வரை படித்தவன் மலையாளத்தை இப்படிப் பிளந்து கட்டுவதைப் பார்த்து லயமே வியந்தது. யாரையும் விட அதிகமாக வியந்தது அவன்தான்.

தை மாசம் ராமுத்தாய் ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். அவனைவிட ஐந்து வயது மூத்தவள். கொழுந்தெடுப்பில் அவள் கையை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் புருஷனை அவன் அண்ணே என்று கூப்பிட்டு வளர்ந்தவன். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அவனுக்கு மதினிதான். வலது கண்ணில் புரை. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள்.

பாண்டித்துரை பார்த்தான். தலைப்பு: கண் பிரிவு. தேதி: இருபத்திரண்டு. சீல்: ஆஸ்பத்திரி.

"இருபத்திரண்டு காலைல எட்டு மணிக்கு அங்க இருக்கணும் மதினி. ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கங்க. வேற ஒண்ணுமில்ல."

வேற ஒண்ணுமில்ல. அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னவன் சீட்டைக் கேட்டுச் சொல்லவில்லை.

இருபத்திரண்டாம் தேதி ராமுத்தாய் விடிவதற்குள் ஜீப்பில் ரோட்டுக்கு இறங்கி, இரண்டு பஸ் மாறிப் போனாள். சாயங்காலம் நாலு மணிக்கு, கட்டு இல்லாத கண்ணோடு திரும்பி வந்தாள். பாண்டித்துரை அப்போது லயத்துக் குழாயடியில் மருந்து டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தான். ஐந்தாறு பெண்கள் குடத்தோடு நின்றார்கள்.

"என்ன மதினி, அதுக்குள்ள வந்துட்டீக?"

"ஆள் கூட்டிட்டு வரலைன்னு திருப்பி விட்டுட்டாக தம்பி. சீட்டுலயே எழுதியிருக்காம்ல. வாசிக்கத் தெரியாதான்னு அந்த நர்ஸ் பிள்ளை எல்லாரு முன்னாலயும் கேட்டுருச்சு. மறுபடி மழை கழிஞ்சுதான் நாள் தருவாகளாம்."

குடங்கள் எல்லாம் பாண்டித்துரையின் பக்கம் திரும்பின. அவனுக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம்.

"நான் சொன்னேனே மதினி. ஆளைக் கூட்டிட்டுப் போங்கன்னு. மறந்துட்டீகளா?"

ராமுத்தாய் நல்ல கண்ணால் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சொன்னியா?"

"சொன்னேனே."

"இருக்கும்," என்றாள். "எனக்குத்தான் தங்கலை போல."

திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. சரிவில் கால் வழுக்கும்போது கை தானாகப் பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடிக்குமே, அப்படி வாய் எதையோ பிடித்துக்கொண்டது. பிடித்தது செடியை இல்லை, ராமுத்தாயை என்பது அவனுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

மாசியில் அவள் வடிகாலைத் தாண்டும்போது பள்ளம் தெரியாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதையாவது புரையின் கணக்கில் எழுதலாம். ஆனால் முந்தானையில் முடிச்சுப் போட ஆரம்பித்தாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? உப்பு வாங்க ஒரு முடிச்சு, கூடை நாரை மாற்ற ஒரு முடிச்சு. அடுப்பை அணைத்தோமா என்று பாதி மலை ஏறியவள் திரும்பி ஓடுவாள். பதினொரு வருஷமாக மாரியம்மன் கோயில் சாவி அவளிடம்தான் இருந்தது. சித்திரைப் பொங்கலுக்கு முன்னால் அதைக் கழற்றிக் கமிட்டிக்காரர்களிடம் கொடுத்துவிட்டாள். "எனக்கு இப்ப ஞாபகம் நிக்க மாட்டேங்குதுய்யா. பூட்டாம வந்தேன்னா ஆத்தா நகைக்கு யாரு பதில் சொல்றது?"

பாண்டித்துரை அந்தக் கூட்டத்தில் இருந்தான். சுண்டல் கொடுத்தார்கள். தின்றான்.

*

வைகாசியில் ஜிஸ்மி டீச்சர் வந்தாள். பெரியவர்களுக்கு மலையாளம் வாசிக்கக் கற்றுத்தரும் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எஸ்டேட் கிரெச்சில். குழந்தைகள் உட்காருகிற பெஞ்சுகள். முழங்கால் தாடையில் இடிக்க, சுவரில் வரைந்த முயல் பார்த்துக்கொண்டிருக்க, பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள், ராமுத்தாயும் ஒருத்தி. பாண்டித்துரை படிக்க வரவில்லை. டீச்சருக்கு உதவியாக இருக்கலாம் என்று பெருந்தன்மையாக வந்தான். அவள் சிரித்து, "வரணும் பாண்டித்துரைச் சேட்டா," என்று முயலுக்கு நேர் கீழே ஒரு இடத்தைக் காட்டினாள். மலையாளத்துக்காரர் வாயில் 'பாண்டி' தனியாக வந்தால் அதன் ருசி வேறு, தமிழனை இளக்காரமாகச் சொல்கிற சொல். அது தெரிந்து முழுப் பெயரையும் இழுத்துச் சொல்கிறவள். அந்த மரியாதைக்காகவே உட்கார்ந்தான். உட்கார்ந்தவனால் உடனே எழுந்திருக்கவும் முடியவில்லை, பெஞ்சு அப்படி.

எழுத்து பழகி முடிந்த பிறகு, ஆடி மாசம் அவள் ஆளுக்கொரு பென்சில் கொடுத்தாள்.

"வாசிக்கறது கண்ணு மட்டும் செய்யற வேலை இல்ல, கேட்டோ. வாசிக்கும்போ நம்ம மனசு என்ன செய்யுதுன்னு நம்மளே ஒளிஞ்சு நின்னு பாக்கணும். முதல்ல, இந்தக் காகிதம் என்கிட்ட என்ன கேக்குதுன்னு யோசிங்க. பின்ன ஒவ்வொரு வரியா போங்க. உறப்பாத் தெரிஞ்சா சரிக்குறி. ஊகிச்சா வட்டம். தெரியலைன்னா பெருக்கல் குறி. தெரியலைங்கறது தப்பில்ல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி கடந்து போறதுதான் தப்பு."

ஒரு நோட்டீஸைக் கொடுத்தாள். நாய்களுக்குத் தடுப்பூசி. பாண்டித்துரை அரை நிமிஷத்தில் மேலிருந்து கீழ்வரை சரிக்குறி போட்டு, கையைக் கட்டிக்கொண்டான்.

"சேட்டன் சொல்லுங்க."

"நாய் வச்சிருக்கிறவங்க பன்னிரண்டாம் தேதி நாயைப் பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொண்டு வரணும்."

"அது போன வருஷம். இந்த வருஷம் அவங்க வீட்டுக்கு வர்றாங்க, நாயைக் கட்டிப் போட்டா போதும். அஞ்சாவது வரி." அவள் குரலில் கேலி இல்லை. "சேட்டன் சொன்னபடி செஞ்சா நாய் பஸ் ஏறி ஆபீசுக்குப் போகும். டாக்டர் ஜீப் ஏறி இங்க வருவார்."

ஆனைகட்டிப் பக்கத்திலிருந்து இங்கே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்ட குப்பண்ணன் பெஞ்சு ஆடச் சிரித்தார். "ரெண்டு பேரும் நடுவழில பாத்துக்குவாங்ளாட்ட இருக்குதுங்க."

பாண்டித்துரையும் சிரித்தான். தன்னைப் பார்த்துத் தானே முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்பது அவனுடைய இன்னொரு முறை.

டீச்சர் ராமுத்தாயிடம் போனாள். ராமுத்தாய் தலையைச் சாய்த்து, கோழி தரையைப் பார்க்கிற மாதிரி, இடது கண்ணால் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் முழுக்க வட்டம். ஒரு சரிக்குறிகூட இல்லை.

"சேச்சி, இது 'தேதி'. இது 'நாய்'. உங்களுக்குத் தெரியும்ல? போன வாரம் நீங்கதான் போர்டுல எழுதினீங்க."

"தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு டீச்சர். ஆனா தெரியுதுன்னு நினைக்கிறது வேற, தெரியுறது வேற. கூடைல போடுறப்ப எல்லாம் கொழுந்தாத்தான் தெரியும். எடை போடுற இடத்துல கொட்டிப் பார்த்தா பாதி முத்தல். நான் ஒருதடவை பட்டவ."

முயலுக்குக் கீழே இருந்தவனுக்குச் சிரிப்பு எந்தப் பாதியில் நின்றது என்று தெரியவில்லை. ஒன்றும் தெரியாதவன் எல்லாவற்றுக்கும் சரிக்குறி போட்டிருக்கிறான். எல்லாம் தெரிந்தவள் எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டிருக்கிறாள். அவள் கையில் அந்த வட்டம் போடுகிற பழக்கத்தைக் கொடுத்தது யார் என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஓணத்துக்கு முந்தின வாரம் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தாள். வீட்டில் இருக்கிற ஒரு மலையாளக் காகிதம், அவரவருக்கு என்று வந்தது. அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு," என்றாள் ராமுத்தாய்.

*

சனிக்கிழமை சாயங்காலம் பாண்டித்துரை ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு அவள் வீட்டு வாசலில் நின்றான். ராமுத்தாய் கட்டன்காப்பி போட்டாள். அடுப்பை அணைத்தாள். திரும்பிப் போய் அணைத்தாகிவிட்டதா என்று பார்த்தாள்.

"மதினி, நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிச் சீட்டையா கொண்டு வரப் போறீக? அது பழசு. எழுத்தும் பொடி. என்கிட்ட கம்பெனி லீவு நோட்டீஸ் ஒண்ணு இருக்கு, நாலே வரி. அதைத் தரவா?"

"சுலபமானது எனக்கு எதுக்குக் கொழுந்தனாரே?" கேலியாகப் பேசும்போது அவள் இப்படித்தான் கூப்பிடுவாள். டிரங்குப் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்து மடியில் வைத்து நீவினாள். குரல் மாறியது. "நான் எப்படி மறந்தேன்னு பாக்கணும் தம்பி. அந்த வரியை என் கண்ணால வாசிச்சா, நீ சொன்னது ஒருவேளை ஞாபகத்துக்கு வரும்ல? வந்துருச்சுன்னா, சரி, நமக்கு மறதி வந்துருச்சு, இதான் அதுன்னு மனசு ஒரு பக்கமா உக்காந்துரும். எங்கம்மாவுக்குக் கடைசில பெத்த பிள்ளையே தெரியலை. அது மாதிரிதானான்னு தெரிஞ்சுக்கிடணும்."

அவன் சீட்டைக் கையில் வாங்கினான். எட்டு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாக நடுவில் பார்த்தான்.

ஏழாவது வரி. கஷ்டமான வரியாக இருக்கும், சட்டம் பேசுகிற வரியாக இருக்கும், எந்தத் தமிழனுக்கும் புரியாத வரியாக இருக்கும் என்று எட்டு மாசமாக ஒரு நம்பிக்கை வைத்திருந்தான். அப்படி இல்லை. தடித்த எழுத்து. அடியில் கோடுகூடப் போட்டிருந்தார்கள். நோயாளியோடு ஒரு ஆள் கட்டாயம் துணைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன் செய்ய முடியாது. அவ்வளவுதான். ஜிஸ்மி டீச்சரின் வகுப்புக்குப் போகாமலே, கண்ணாடி போடாமலே வாசித்திருக்கலாம். தெரியாத வரி இல்லை. ஊகித்த வரியும் இல்லை. பார்க்கவே பார்க்காத வரி.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் மகள் மோனிஷா குமுளியில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறாள், மாசத்துக்கு ஒருமுறைதான் வருவாள். சொல்வதற்கு இதைவிடத் தோதான இடமும் இல்லை, நேரமும் இல்லை. பாண்டித்துரை வாயைத் திறந்தான்.

"காப்பி நல்லாருக்கு மதினி," என்றான்.

பழத்தை வைத்துவிட்டு வந்தான். சொல்ல எடுத்துப் போனதை மட்டும் அப்படியே திருப்பி எடுத்து வந்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை குப்பண்ணன் ரேஷன் காகிதம் வாசித்தார். பிறகு ராமுத்தாய் எழுந்து முயலுக்குப் பக்கத்தில் நின்றாள். சீட்டை இடது கண்ணுக்கு நேராகப் பிடித்து, விரலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றாகப் போனாள். கண் பிரிவு. வட்டம். தேதி. வட்டம். எட்டு மணி. வட்டம். ஒரு இடத்தில் திக்கியது. தானே பின்னால் போய் மறுபடி வாசித்துச் சரிசெய்துகொண்டாள். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. ஏழாவது வரி வந்தது.

அதைத் திக்காமல் வாசித்தாள். வாசித்துத் தமிழிலும் சொன்னாள். "ஒரு ஆளு துணைக்கு வரணும். கட்டாயம்." அதற்குப் பிறகு அடுத்த வரிக்குப் போகாமல் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அறைக்கு வெளியே ஒரு ஜீப் மேடேறிப் போகிற சத்தம் முழுதும் கேட்டது.

"சேச்சி?"

"வர மாட்டேங்குது டீச்சர்."

"என்ன வரல? சரியாத்தானே வாசிச்சீங்க."

"வாசிப்பு வருது. இவரு எனக்குச் சொன்னதுதான் வர மாட்டேங்குது." பென்சிலை எடுத்தாள். அந்த வரிக்கும் ஒரு வட்டம் போடக் குனிந்தாள்.

"டீச்சர்," என்றான் பாண்டித்துரை. எழுந்திருக்கப் பார்த்தான், பெஞ்சு விடவில்லை, பாதி எழுந்த நிலையிலேயே கேட்டான். "வாசிக்கவே இல்லாத வரிக்கு என்ன குறி?"

ஜிஸ்மிக்குப் புரியவில்லை. "அதுக்குக் குறி இல்ல சேட்டா. வாசிக்கலைன்னா அங்க ஒரு வரி இருக்கறதே நமக்குத் தெரியாதில்ல?"

"தெரியும் டீச்சர். நடுவுல வரி இருக்குன்னு தெரியும். இந்தச் சீட்டை மதினிக்கு வாசிச்சுச் சொன்னது நான். தலைப்பைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், சீலைப் பார்த்தேன். அந்த வரியை நான் பாக்கலை. ஆளைக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் சொல்லவே இல்லை. சொன்னேன்னு குழாயடில பொய் சொன்னேன்."

இவ்வளவையும் முழங்கால் மடங்கிய நிலையில் சொன்னதால் தொடை நடுங்கியது. தொடைதான் நடுங்குகிறது என்று மற்றவர்கள் நினைத்தால் நல்லது என்று அப்போதும் அவனுக்குத் தோன்றியது. இந்தப் புத்தி எங்கே போகும்.

குப்பண்ணன் மெதுவாகத் தன் தாளைப் பார்த்தார். "ஏனுங்க தொரை, அப்ப போன வருசம் எனக்குப் படிச்ச ரேசன் காயிதம்?"

"அதையும் கொண்டாங்கண்ணே. எல்லாத்தையும் கொண்டாங்க."

ராமுத்தாய் அவனைப் பார்க்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மறக்கலை," என்றாள்.

சீட்டிலிருந்து விரலை எடுத்து டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"எட்டு மாசம் டீச்சர். உலையில அரிசி போட்டேனான்னு மூடியத் தொறந்து தொறந்து பாத்திருக்கேன். எம்மகளுக்கு இந்தத் தேதில பிறந்த நாளுன்னு நானே சொல்லி, நானே நம்பாம, அவளுக்கே போன் போட்டுக் கேட்டிருக்கேன்." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் பாண்டித்துரைக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "கோயில் சாவியைக் கொடுத்தப்ப இவரும் அங்கதான் இருந்தாரு."

அவள் ஏழாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி போட்டாள். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வகுப்பு முடிவதற்கு முன்பே வெளியே போனாள். போகிறவளின் முந்தானை முடிச்சுகள் வாசல் நிலையில் உரசின.

*

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. மஸ்டரில் அவன் நோட்டீஸ் வாசிக்கும்போது கூடையைத் தலையில் மாட்டியபடி கடைசி வரிசையில் நிற்பாள். அவன் இப்போது எல்லா வரியையும் வாசித்தான். நடுவில் நின்று, "இந்த வரி எனக்குத் தெரியலை. டீச்சர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்," என்று சொன்ன முதல் நாள் ஒருத்தரும் நம்பவில்லை; ஏதோ தமாஷ் என்று சிரித்தார்கள். சிவப்பிரகாஷ் கடிகாரத்தைத் தட்டினார். "துரையண்ணே, இப்படி வாசிச்சா கொழுந்து முத்திப் போயிரும்."

வாசிக்கக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்காமல் விட்ட இருபது வருஷத்துக் காகிதங்கள் அவன் வீட்டில் ஒரு கம்பியில் குத்திக் கிடந்தன. அதைக் கழற்றிப் பென்சிலோடு உட்கார்ந்தான். மூன்றாவது தாள் சங்கையாவுக்கு வந்தது. பென்ஷன் சம்பந்தமாக ஏதோ. நடுவில் ஒரு வரி இருந்தது, இன்ன தேதிக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் பணம் கிடையாது என்று. சங்கையா இறந்து நாலு வருஷம். அந்த வரியை வாசித்தான். யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல், பெருக்கல் குறியும் போடாமல், தாளைத் தனியாக எடுத்து வைத்தான். கம்பியில் இன்னும் நிறைய இருந்தது.

பதினோராவது நாள் குழாயடியில் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"பதினேழாம் தேதி ஆஸ்பத்திரில நாள் கொடுத்திருக்காக. மோனிஷாவுக்கு லீவு இல்ல. நீ வா."

பாண்டித்துரை டிரம்மைக் கீழே வைத்தான். "நானா மதினி?"

"துணைக்குச் சும்மா உக்காந்திருக்கத்தானே. அதுக்கு வாசிக்கத் தேவையில்லை."

"கோபம் போயிருச்சா?"

"இல்ல. கண்ணுதான் போய்க்கிட்டிருக்கு. முதல்ல ஆபரேஷன் முடியட்டும். ரெண்டு கண்ணாலயும் சேத்துக் கோபமாப் பாக்குறேன்."

பதினேழாம் தேதி இரண்டு பஸ்ஸிலும் அவன் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான். அவள் ஜன்னலையே பார்த்து வந்தாள். முந்தானையில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தான். ஒன்று இருந்தது. பழையதா, புதியதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பச்சை உடுப்பு மாட்டி, கண்ணில் சொட்டு விட்டு, திரைக்கு அந்தப் பக்கம் படுக்க வைத்தார்கள். நர்ஸ் வெளியே வந்து சத்தமாகக் கேட்டாள். "ராமுத்தாயோட பைஸ்டாண்டர் ஆரு? துணைக்கு வந்த ஆளு?"

"நான்தான் சிஸ்டர்."

அவள் ஒரு தாளை அட்டையில் வைத்து நீட்டினாள். பக்கம் முழுக்க மலையாளம். "வாசிச்சிட்டுக் கீழ ஒப்பு வைக்கணும். எழுத்து தெரியும்ல?"

தலைப்பு: சம்மதம். தேதி: பதினேழு. சீல் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போடுகிற இடம் எங்கே இருக்கும் என்று பாண்டித்துரையின் கைக்கு இருபது வருஷமாகத் தெரியும். கேட்காமலே பேனா அந்தக் கோட்டுக்குப் போய்விட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நடுவுல, தம்பி."

பேனா நின்றது.

"சிஸ்டர், பத்து நிமிஷம்," என்றான். சட்டைப்பையிலிருந்து ஜிஸ்மி டீச்சர் கொடுத்த பென்சிலை எடுத்தான். முதல் வரிக்குச் சரிக்குறி. இரண்டாவதுக்கு வட்டம். மூன்றாவதில் ஒரு வார்த்தை. அதைத் தெரியும் என்று மனசு சொன்னது. ஒளிந்து நின்று மனசைப் பார்த்தான். தெரியாது.

நர்ஸ் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

அத்தனை பேர் முன்னால் அட்டையை அவள் பக்கம் திருப்பி, விரலை அந்த வார்த்தைக்கு அடியில் வைத்தான்.

"இது எனக்குத் தெரியலை சிஸ்டர். என்னான்னு சொல்லுங்க."